60 எச்பி அவுட்போர்டில் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டுகிறது, ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?

ஒற்றைத்துடுப்பு:

வணக்கம். என்னிடம் இருப்பது 60 எச்பி, நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வைத்த அவுட்போர்டு, படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின். படகோடு சேர்த்துப் பழையதாக வாங்கியது. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்க மீட்டரும் கிடையாது.

போன பருவம் வரை முழு த்ராட்டிலில் 5,600 ஆர்பிஎம் தொட்டது. இப்போது 4,900ஐத் தாண்ட மறுக்கிறது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறதே தவிர, மேலெழுந்து வழுக்கி ஓட வெகுநேரம் ஆகிறது. ஐடிலில் விட்டால் கவுலிங் (இன்ஜின் மூடி) மேல் வைத்த தண்ணீர் பாட்டில் தானாக நடந்து போய்க் கீழே விழுகிறது. பிளக் நான்கையும் மாற்றினேன், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன், கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவினேன். புரொப்பெல்லர் அதே பழையதுதான். ஒன்றும் மாறவில்லை.

கடைசியாக, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு நசுங்குகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். மேலிருந்து கீழே: 95, 100, 60, 90 பிஎஸ்ஐ. ஒரு கையில் கேஜ், இன்னொரு கையை நீட்டிச் சாவி என்று தொங்கிப் பார்த்தேன், எட்டவில்லை. பையனைக் கூப்பிட்டுத் திருகச் சொன்னேன். எண்களைக் கவுலிங்கின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனில் சொன்னேன். நான் முடிப்பதற்குள் "ரிங் போச்சு, இறக்கிடுங்க" என்றார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துவிட்டதாம், சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டுமாம். இறக்கினால் திரும்ப ஏற்றுவேனா என்று எனக்கே சந்தேகம். பிரிக்காமல் இன்னும் ஏதாவது பார்க்க வழி இருக்கிறதா?


பழையஸ்பேனர்:

தம்பி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் விடுங்கள். எப்படி அளந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நாலும் சேர்ந்து குறைவாக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அளந்த விதத்தை, அடுத்து கேஜை. இன்ஜின் மூன்றாவதாகத்தான் வரும்.

இன்ஜின் சூடாக இருந்ததா? பிளக் நாலையும் கழற்றிவிட்டு அளந்தீர்களா, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி அளந்தீர்களா? ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற மூன்று சிலிண்டரின் காற்றையும் ஸ்டார்ட்டர் நசுக்க வேண்டும். பாவம், அது மெதுவாகத்தான் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் ரிங் இடுக்கில் காற்று கசிய நேரம் கிடைக்கும், எண் இறங்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் இதே கதை.

எல்லாவற்றையும் விட முக்கியம், த்ராட்டில் திறந்திருந்ததா? இதைத்தான் பாதிப் பேர் மறக்கிறார்கள். மூடிய த்ராட்டிலில் சிலிண்டருக்குள் காற்றே சரியாகப் போகாது. உள்ளே போகாத காற்றை எங்கிருந்து நசுக்குவது? நியூட்ரலில் வைத்து, கார்புரேட்டர் பக்கம் இருக்கும் இணைப்புக் கம்பியைக் கையால் முழுக்கத் திறந்து ஒரு கயிறு போட்டுக் கட்டுங்கள்.

கேஜ் எப்படிப்பட்டது? ரப்பர் முனையை அழுத்திப் பிடிப்பதா, மரையில் திருகுவதா? திருகும் வகை என்றால், காற்றைத் திரும்ப விடாத சின்ன வால்வு பிளக் பக்கத்து முனையிலேயே இருக்க வேண்டும். அது கேஜ் பக்கம் இருந்தால் குழாயின் கொள்ளளவும் சிலிண்டரோடு சேர்ந்துகொள்ளும், எண் குறைவாகவே வரும். சைக்கிள், கார் டயரில் இருப்பது போன்ற வால்வுதான், ஆனால் ஸ்பிரிங் மெலிதாக இருக்கும். யாராவது டயர் வால்வை எடுத்து அதில் மாட்டியிருந்தால் அந்த கேஜ் ஆயுசுக்கும் பொய்தான் சொல்லும். நான் ஒரு காலத்தில் அப்படி ஒரு கேஜை நம்பி, நல்ல இன்ஜினின் ஹெட்டை இறக்கியவன். உள்ளே சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. முதலாளி முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

இன்னொன்று. சில நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் ஸ்டார்ட் ஆவது சுலபமாக இருக்கட்டும் என்று, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டிலேயே டீகம்ப்ரஷன் வைத்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வை அது லேசாகத் தூக்கிப் பிடிக்கும். அந்த வகை இன்ஜினில் குறைவாக வருவதுதான் சரியான எண். உங்கள் இன்ஜினின் கையேட்டைப் பாருங்கள்.

மறுபடி அளக்கும்போது கில் சுவிட்ச் கிளிப்பை உருவிவிட்டு, பிளக் ஒயர்களை பாடியோடு எர்த் செய்யுங்கள். அந்தரத்தில் தொங்கவிட்டால் இக்னிஷன் யூனிட் போகலாம். அதைவிட, பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் புகையாகப் பீய்ச்சும். பக்கத்தில் ஒரு பொறி போதும். பெட்ரோல் குழாயையும் கழற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறேழு துடிப்பு, முள் ஏறுவது நிற்கும் வரை. முதல் துடிப்பில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு, இரண்டையும் எழுதுங்கள்.


சுக்கான்காரன்:

இதற்கு எதற்கு இத்தனை பாடு? 20டபிள்யூ50 ஆயில் ஊற்றினால் கம்ப்ரஷன் தானாக ஏறும். என் டூ ஸ்ட்ரோக்கில் கார்பன் கரைக்கும் திரவம் அடித்தேன், ஒட்டிக்கொண்டிருந்த ரிங் விட்டது, அடுத்த நாளே பழைய இழுவை வந்துவிட்டது.


பழையஸ்பேனர்:

சுக்கான்காரரே, ரிங் ஒட்டியிருந்தால் நீங்கள் சொன்ன திரவம் வேலை செய்யும், மறுக்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் ரிங் பள்ளத்தில் கார்பன் பிடிப்பது சாதாரணம். ஆனால் கெட்டி ஆயில் மருந்து இல்லை, போர்வை. கேஜில் நாலு எண் ஏறும், நோய் அப்படியே இருக்கும். என்ன நோய் என்றே தெரியாதபோது மருந்துக்கு என்ன அவசரம்?


ஒற்றைத்துடுப்பு:

அண்ணே, தலை குனிகிறேன். குளிர்ந்த இன்ஜின், மூடிய த்ராட்டில், ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி அளந்தது. நீங்கள் கேட்டதில் ஒன்றைக்கூட நான் சரியாகச் செய்யவில்லை. கேஜ் மட்டும் திருகும் வகை, வால்வு முனையில்தான் இருக்கிறது. கையேட்டில் டீகம்ப்ரஷன் பற்றி ஒன்றும் இல்லை.

இன்று தண்ணீரில் இறக்கிப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, வேறு நல்ல பேட்டரி போட்டு, த்ராட்டிலைக் கயிற்றால் கட்டி, பிளக் நாலையும் கழற்றி அளந்தேன். ஸ்டார்ட்டர் சுற்றிய சத்தமே வேறு மாதிரி இருந்தது. 170, 175, 110, 168.

முதல் துடிப்பு என்று பார்த்தால் மற்ற மூன்றும் ஒரே எட்டில் நூறைத் தாண்டின. மூன்றாவது 65க்கு வந்தது, அப்புறம் முக்கி முக்கி 110, அதோடு சரி. பையனுக்கு இப்போது சாவி திருகுவதில் நல்ல பழக்கம் வந்துவிட்டது.

அப்படியானால் ரிங் போனது மூன்றாவதில் மட்டும்தானா?


பழையஸ்பேனர்:

பார்த்தீர்களா, நாலு நோயாளியில் மூன்று பேர் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இனி மூன்றாவது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால், நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு) போயிருக்கிறது என்று முதலில் நினைப்பேன். நாலும் ஒரே அளவாகக் குறைந்து, அளந்ததும் சரி என்றால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியதா என்று பார்க்கலாம். இங்கே ஒன்றே ஒன்று. ரிங் அல்லது வால்வு. கேஸ்கெட் தண்ணீர்ப் பாதைப் பக்கம் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் டிப்ஸ்டிக்கை ஒரு தடவை பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கிறதா? மூன்றாவது பிளக் மட்டும் கழுவி வைத்த மாதிரி வெளுத்திருக்கிறதா?

அடுத்தது ஆயில் ஊற்றி அளப்பது. ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை பிளக் ஓட்டை வழியாக விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ரிங். ஆயில் ரிங் இடுக்கை அடைத்துக்கொள்ளும், வால்வை அடைக்காது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது கேஸ்கெட்.

கார் இன்ஜினுக்கு எழுதியதைப் படித்துவிட்டு அவுட்போர்டில் இதைச் செய்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம் இன்ஜினில் சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது. ஆயிலை விட்டால் அது அடிப்பக்கச் சுவரில் குட்டையாகத் தேங்கும், பிஸ்டனின் மேல்பாதி வறண்டே இருக்கும். ரிங் தேய்ந்திருந்தாலும் எண் ஏறாது, நீங்கள் வால்வைத் திட்டுவீர்கள். அதனால் அவுட்போர்டை முழுக்கத் தூக்கி நிறுத்துங்கள், பிளக் ஓட்டை ஏறக்குறைய வானத்தைப் பார்க்கும். அப்போது விட்டு, இரண்டு நிமிடம் விட்டுவைத்து, பிறகு இறக்கி, கேஜ் மாட்டாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அளங்கள். முதல் சுற்றில் ஓட்டைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். ஆயில் நசுங்காது, அதிகமாக விட்டால் கனெக்டிங் ராடு வளையலாம்.


அடித்தளம்:

குறுக்கே வருகிறேன், என்னுடையது படகுக்குள்ளேயே இருக்கும் இன்போர்டு பெட்ரோல் இன்ஜின். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டில் 90, மற்றவற்றில் 150. ஸ்பேனர் அண்ணன் சொன்ன அதே கணக்கில் கேஸ்கெட் என்று முடிவு கட்டி ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட் புதுசு மாதிரி இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு இரண்டின் சீட்டிலும் (வால்வு உட்காரும் வளையம்) துரு, விரல் நகம் மாட்டும் அளவுக்குக் குழி. எக்ஸாஸ்ட் ரைசர் (புகையை மேலே ஏற்றி வெளியே விடும் குழாய்) உள்ளே அரித்துப்போய், இன்ஜினை நிறுத்தும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்த இரண்டு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. ஹெட்டை மட்டும் சரிசெய்து பழைய ரைசரையே மாட்டியிருந்தால் அடுத்த பருவமும் இதே கதைதான். இன்போர்டுக்காரர்கள் பிளக்கில் துருப்பொடி தெரிந்தால் முதலில் ரைசரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.


ஒற்றைத்துடுப்பு:

டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறம்தான், பால் இல்லை. மூன்றாவது பிளக் மற்றவற்றைவிடக் கறுப்பு, கொஞ்சம் ஈரம்.

சொன்னபடி தூக்கி நிறுத்தி ஆயில் விட்டேன். முதல் சுற்றில் பீய்ச்சிய ஆயில் என் சட்டையில்தான். 110 இருந்தது 116 ஆனது. அவ்வளவுதான்.

ரிங் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஹெட்டைத் தொடாமல் இதற்கு மேல் போக முடியுமா?


பழையஸ்பேனர்:

போகலாம். காற்று எங்கே போகிறது என்று அதனிடமே கேட்டுவிடலாம். உங்களிடம் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் இருந்தால் போதும். கேஜின் குழாயைக் கழற்றி, அதன் முனையில் இருக்கும் சின்ன வால்வை எடுத்துவிட்டு, கம்ப்ரசரோடு இணையுங்கள்.

மூன்றாவது பிஸ்டன் மேலே வந்து நிற்க வேண்டும், அதுவும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில். வால்வு கவரைக் கழற்றிப் பாருங்கள், அந்தச் சிலிண்டரின் கேம் மூக்கு எதுவும், வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கரை அழுத்தாமல் இருந்தால் அதுதான் இடம். ஃப்ளைவீலை மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் மட்டும் சுற்றுங்கள், இந்த இன்ஜின்கள் ஓடுவது அந்தத் திசையில்தான். எதிர்ப்பக்கம் சுற்றினால் கீழே வாட்டர் பம்ப் இம்பெல்லரின் இறகுகள் மடங்கும்.

காற்றை 20, 30 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். பிஸ்டன் இம்மி தள்ளி நின்றாலும் கிராங்க் சட்டென்று சுற்றும். ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனரை மாட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள், புரொப்பெல்லரில் கை வேண்டாம்.

பிறகு கேளுங்கள். கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். லேசான சீற்றம் எந்த இன்ஜினிலும் அங்கே இருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். பக்கத்து பிளக் ஓட்டையில் வந்தால் கேஸ்கெட். எக்ஸாஸ்ட் வால்வு என்றால் இன்ஜின் பக்கம் ஒன்றும் கேட்காது. எக்ஸாஸ்ட் போகும் வழி காலுக்குள் இறங்கிப் புரொப்பெல்லரின் நடுவில் இருக்கிறது. படகு கரையில் இருக்கட்டும், அங்கே போய்க் காதை வையுங்கள்.


ஒற்றைத்துடுப்பு:

புரொப்பெல்லர்!

கார்புரேட்டரில் ஒன்றும் இல்லை. ஆயில் வாயில் மூச்சு விடுகிற மாதிரி மெலிதாக ஏதோ. பையன் பின்னால் குனிந்து, "அப்பா, இங்கே பாம்பு மாதிரி சீறுது" என்றான். கையை நீட்டினால் காற்று உள்ளங்கையில் தெரிகிறது. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது சிலிண்டரிலும் செய்தேன், அங்கே அமைதி.

எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிட்டது, ஹெட்டை இறக்க வேண்டியதுதான், இல்லையா?


பழையஸ்பேனர்:

அவசரக்காரரய்யா நீங்கள். வால்வு மூடவில்லை என்றுதான் காற்று சொல்லியிருக்கிறது. ஏன் மூடவில்லை என்று சொல்லவில்லை.

கவர் கழற்றியபடியேதானே இருக்கிறது? இன்ஜின் நன்றாக ஆறட்டும், ஒரு இரவு போகட்டும். கம்ப்ரஷன் சூட்டில் அளப்பது, டாப்பெட் கேப், அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் உள்ள இடைவெளி, குளிரில் அளப்பது. மூன்றாவது எக்ஸாஸ்டில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள்.

ஓட ஓட வால்வும் சீட்டும் ஒன்றையொன்று தேய்க்கும். வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும், அதன் தண்டு அந்த அளவுக்கு ராக்கர் பக்கம் எழும்பும், கேப் சுருங்கும். ஒரு நாள் கேப்பே இருக்காது. அன்று முதல் கேம் விட்டாலும் ராக்கர் வால்வை விடாது. வால்வு தன் சூட்டைச் சீட்டில்தான் இறக்கிவைக்கிறது. உட்கார இடமில்லாவிட்டால் அது வேகும்.

கேப் அதிகமான டாப்பெட் கடகடவென்று ஊரைக் கூட்டும், எல்லோரும் ஓடிவந்து சரிசெய்வார்கள். கேப் இல்லாத டாப்பெட் சத்தமே போடாது. "இன்ஜின் என்ன அமைதி" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வால்வைக் கருக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.


ஒற்றைத்துடுப்பு:

அண்ணே, என் கையேட்டில் எக்ஸாஸ்டுக்கு 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர். மூன்றாவதில் 0.05 தகடுகூட நுழையவில்லை. ராக்கரைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், வெல்டிங் வைத்த மாதிரி இருந்தது. மற்ற மூன்றும் 0.20, 0.22, 0.20. எல்லாமே சுருங்கித்தான் இருக்கின்றன. இன்டேக் நான்கும் சரியாக இருக்கின்றன.

லாக் நட்டைத் தளர்த்தி எக்ஸாஸ்ட் நாலையும் 0.30க்கு வைத்தேன். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றிக்கொண்டு கேப்பை மாற்றிவிட்டது. மூன்று தடவை செய்த பிறகுதான் கை பழகியது. தகடு எந்த அளவுக்கு இழுக்க வேண்டும் என்பதை என் கையேடு சொல்லவில்லை. ஈரமான இரண்டு காகிதத்துக்கு நடுவிலிருந்து உருவுகிற மாதிரி வைத்தேன், சரியா?

சூடாக்கி அளந்தது: 172, 175, 148, 170. தண்ணீரில் 5,500 ஆர்பிஎம். பாட்டில் நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே நடுங்குகிறது.


பழையஸ்பேனர்:

காகிதக் கணக்கு சரிதான்.

148 எனக்கு முழுத் திருப்தி இல்லை. உங்களுடைய பெரிய எண்ணிலிருந்து 15 சதவீதம் குறைவு. நான் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் வாயை மூடிக்கொள்வேன், 15 வந்தால் கண்ணை வைத்திருப்பேன். வால்வு முகத்தில் கார்பன் உட்கார்ந்திருக்கலாம், அது ஓட ஓடப் போகும். அல்லது விளிம்பு கொஞ்சம் கருகியிருக்கலாம், அது போகாது. பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு, ஆறவைத்து, முதலில் கேப்பை அளங்கள், அப்புறம் சூடாக்கி கம்ப்ரஷன். கேப் மறுபடி சுருங்கியிருந்தால் சீட் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஹெட்டை இறக்கி வால்வு அரைத்து, சீட் வெட்ட வேண்டியதுதான். அதுவரை கரையை விட்டு வெகுதூரம் போகாதீர்கள்.


சுக்கான்காரன்:

ஒரு சந்தேகம். என் நண்பரின் டீசலிலும் இப்படி டீஸ்பூன் ஆயில் விட்டுப் பார்க்கலாமா?


பழையஸ்பேனர்:

வேண்டாம். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடமே கொஞ்சம்தான், கம்ப்ரஷன் சூட்டில் ஆயில் தானாகவே பற்றவும் செய்யும். அந்த கேஜும் வேறு. அங்கே 350, 400 பிஎஸ்ஐ வரும், பெட்ரோல் கேஜை மாட்டினால் கேஜ் போய்விடும். தனித் தலைப்பில் கேளுங்கள், எழுதுகிறேன்.


ஒற்றைத்துடுப்பு:

பதினொரு மணி நேரம் ஓட்டியாயிற்று. இந்தத் தடவை மீட்டர் மாட்டிவிட்டேன், அதனால் தெரியும். மூன்றாவது எக்ஸாஸ்ட் கேப் 0.29. கம்ப்ரஷன் 156. கவுலிங்கின் உள்பக்கம் பழைய 60ஐ அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதியாயிற்று. இரவல் கேஜைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் படகிலும் மூன்றாவது சிலிண்டர் குறைவாம். த்ராட்டிலைத் திறந்தீர்களா என்று கேட்டேன். விழிக்கிறார்.